நாற்பது மூட்டை உப்பும் ஒரு பழத்தாரும்

உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம். அதற்கு மூன்று கால்கள்தாம் ஒழுங்கு, நான்காவது பெயருக்கு இருக்கிறது. இதில் உட்காருங்கள். லாரிச் சாவியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்காமல் மேசையின்மேல் வையுங்கள். அது ஆடினால் என் கவனம் சிதறும். வைக்கமாட்டீர்களா? சரி, ஆட்டாமலாவது வைத்திருங்கள்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தங்கப்பழத்தை வேலையைவிட்டு நிறுத்தப் போகிறீர்கள். அவர் மனைவி சந்தனமாரி காலையிலேயே மதிலுக்கு மேலாக எட்டிப்பார்த்து அழுதுவிட்டாள். உங்கள் டிரைவர் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் லாரியில் நாற்பது மூட்டை உப்பை ஏற்றிப்போய், வழியில் எவனுக்கோ விற்றுவிட்டு, வெறும் வண்டியாகச் செங்கல் சூளைக்குப் போய்ச் சேர்ந்தார். இது உங்கள் குற்றச்சாட்டு. உப்பு ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், இறக்கியதைப் பார்த்தவர் எவருமில்லை. அவரைக் கேட்டால் வாயைத் திறக்காமல், "டீச்சர்ட்ட கேட்டுக்கோங்க மொதலாளி" என்று மட்டும் சொல்கிறாராம். ஆகவே என்னிடம் கேட்க வந்திருக்கிறீர்கள். கேளுங்கள். இல்லை, கேட்கவேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பிலும் அதுதான் வழக்கம். கேள்விகளைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்குள் மணி அடித்துவிடும்.

முதலில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒன்று, நான் டீச்சர் அல்ல. முனைவர் அமலோற்பவம், இயற்பியல் துறை, இணைப் பேராசிரியர். இந்தத் தெருவை நானும் திருத்திப் பார்த்தேன். சந்தனமாரி ஒரு வாரம் என்னைப் "பேராசிரியர் டீச்சர்" என்று கூப்பிட்டாள். அதற்குப் பழையதே மேல் என்று விட்டுவிட்டேன். இரண்டு, நான் எதையும் நேருக்கு நேர் சொல்பவள். எங்கள் கல்லூரி முதல்வரிடமே, உங்கள் ஆண்டறிக்கையில் உங்கள் புகைப்படத்தைத் தவிர ஒன்றுமில்லை, அதுவும் பழையது என்று சொன்னவள். சுற்றிவளைப்பது எனக்கு ஆகாது. ஆகவே உப்பு என்னவாயிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்வேன். அதற்குரிய இடம் வரும்போது சொல்வேன். அதுவரை பொறுங்கள்.

ஆடி மாதத்திலிருந்து தொடங்கவேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தவறாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு உங்கள் வண்டியில் இருந்தவை மீன் பெட்டிகள். எல்லாம் காலித் தெர்மாகோல். வண்டி கொள்ளாமல் ஏற்றினாலும் ஒரு கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவின் எடைகூட வராது. அதைக் கொண்டுபோய் முப்பந்தல் காற்றில் விட்டால் என்ன ஆகும்? எங்கே காற்று அதிகம் என்று தேடியலைந்தவர்கள், இங்கேதான் என்று முடிவு கட்டி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலை நட்டுவைத்திருக்கும் இடம் அது. அங்கே உங்கள் வண்டி, எருமை படுப்பதுபோல, அவசரமே இல்லாமல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. தங்கப்பழத்துக்கு ஒரு கீறலும் இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கதவைக் கிணற்று மூடியைப்போலத் திறந்து வெளியே வந்து, வண்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, பெட்டிகள் பறந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "கொக்குக் கூட்டம் கணக்கா போச்சு டீச்சர், பாக்க அழகாத்தான் இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். உங்களிடம் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? லாரி ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு முன்னால் நின்று, "ஏலே, இன்னொரு தடவ வண்டி சாஞ்சிச்சின்னா சாவிய வச்சிட்டுப் போயிரு" என்றீர்கள். வண்டி சாய்வதற்கும் ஓட்டுபவருக்கும் என்ன தொடர்பு? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். உயரமான வண்டி, எடையில்லாத வண்டி, பக்கவாட்டுக் காற்று. இதில் தங்கப்பழத்தின் குணநலன் எங்கே வருகிறது? இதை அன்றே வந்து உங்களிடம் சொல்லியிருப்பேன். தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது.

பிறகு கார்த்திகையில் புயல் வந்தது. கடலில் சுற்றிச்சுற்றி நின்று, போகிறதா வருகிறதா என்று ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று நாள் பயமுறுத்திய அதே புயல். அன்றைக்குப் பார்த்து ஆரல்வாய்மொழிச் சூளையில் உங்கள் வண்டியின் முறை. விட்டால் பொங்கலுக்குப் பிறகுதான் செங்கல் கிடைக்கும். நீங்கள் தொலைபேசியில், "எப்படியாவது போய்ச் சேந்துரு, ஆனா வண்டி சாயக்கூடாது" என்றீர்கள். எப்படியாவது என்றால் எப்படி? அதைச் சொல்லவில்லை. இங்கிருந்து வெறும் வண்டி. வெறும் வண்டிதான் சுமை ஏற்றிய வண்டியைவிட எளிதில் சாயும். இதை நீங்கள் அறியாவிட்டாலும் புயல் அறியும்.

சந்தனமாரி அதற்கு முந்தின நாள் மாலை என்னிடம் ஓடிவந்தாள். "டீச்சர், நீங்க காத்துக்கெல்லாம் படிச்சவங்க. இந்த மனுசன் சாவி போயிட்டா நாங்க என்ன செய்ய? ஏதாவது கணக்குப் போட்டுக் குடுங்க" என்றாள். பின்னாலேயே தங்கப்பழமும் வந்தார். அவர் கணக்குக் கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவே வந்தார்போல இருந்தது. "சும்மா இருட்டி, டீச்சருக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றார். எனக்கு ஆயிரம் சோலி இருந்தது உண்மைதான். ஆனாலும் அறிவைக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது நான் கதவைச் சாத்தியதில்லை. அவர்கள் போக முயன்றாலும் விட்டதில்லை.

"இதுவரை காற்றை எப்படி அளந்தீர்கள்?" என்று தங்கப்பழத்தைக் கேட்டேன். அண்ணாச்சி, அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். காவல்கிணறு தாண்டியதும் நயினார் என்பவருடைய டீக்கடை ஒன்று இருக்கிறதாம். கடை முகப்பில் ஒரு வாழைப்பழத் தார் தொங்குமாம். அந்தத் தார் ஆடினால் வண்டி போகலாம். சுழன்றால் நிறுத்தி ஒரு டீ குடிக்கவேண்டும். நயினாரே எழுந்துவந்து தாரைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால், எவன் சொன்னாலும் வண்டியை எடுக்கக்கூடாது, படுத்துவிடவேண்டும். இதுதான் அந்தச் சாலையில் ஓடும் அத்தனை லாரிக்காரர்களின் வானிலை ஆய்வு மையம். ஆடியில் வண்டி சாய்ந்ததற்குக்கூட அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அன்றைக்கு ஏதோ கல்யாணத்துக்காக யாரோ தாரை முழுதாக வாங்கிப் போய்விட்டார்களாம். "கயிறு மட்டும் கெடந்துச்சு டீச்சர். கயித்த வச்சு என்னத்தக் கண்டேன்?"

ஒரு முனைவர் பட்டம் பெற்ற பெண்ணிடம் இதைச் சொல்கிறார். பழத்தின் எடை என்ன, கயிற்றின் நீளம் என்ன, வாடிக்கையாளர் இரண்டு பழம் பிய்த்துத் தின்றுவிட்டால் அளவு மாறாதா? கேட்டேன். "நயினாரு பிய்க்கவே விடமாட்டாரு டீச்சர், கீழ் சீப்புலேருந்து அவரே எடுத்துக் குடுப்பாரு" என்றார். அதுவா கேள்வி?

நான் உட்கார்ந்து இரவுச் சோற்றுக்கு முன்பே கணக்கை முடித்தேன். வண்டியின் உயரம், அகலம், சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம், காற்றின் வேகம், எல்லாம் போட்டேன். விடை இரண்டு டன். இரண்டு டன் எடையைத் தரைப்பலகையில் சீராகப் பரப்பிவிட்டால் அந்தப் புயலுக்கு வண்டி அசையாது. இந்தக் கணக்கில் ஒரு பிழை காட்டுங்கள், நான் வேலையை விட்டுவிடுகிறேன். இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை. பத்மாசினியும் காட்டவில்லை. பத்மாசினி யார் என்பது பிறகு வரும்.

இரண்டு டன்னுக்கு எங்கே போவது? தூத்துக்குடியில் எடையுள்ள பொருள், கேட்டவுடன் கிடைக்கும் பொருள், எது? உங்கள் முகத்தைப் பார்த்தால் மணல் என்று சொல்ல வருகிறீர்கள். மணலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். என் பழைய மாணவி ஒருத்திக்கு உப்பளம் இருக்கிறது. போன ஆண்டுப் பழைய உப்பு, மண் கலந்தது, கருவாட்டுக்குக்கூட ஆகாதது, மலைபோல் கிடந்தது. "மேடம், எடுத்துக்கிட்டுப் போனாப் போதும்" என்றாள். ஐம்பது கிலோ மூட்டை நாற்பது. நாற்பதை ஐம்பதால் பெருக்கினால் இரண்டாயிரம். என் கணக்குக்கென்றே செய்துவைத்ததுபோல வந்தது. உலகத்தில் விடையும் பொருளும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆக, அந்த உப்பு என்னுடையது. எழுதிக்கொள்ளுங்கள். தங்கப்பழம் ஏற்றிய கள்ளச் சுமை அல்ல, அமலோற்பவம் ஏற்றிய அறிவியல் சுமை. எழுதுவதற்குத் தாள் வேண்டுமா? வேண்டாமா? சரி.

அடுத்தது தார்ப்பாய். அதை அவர் வண்டியின்மேல் கட்டப் போனார். தடுத்தேன். கம்பிகளின்மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய் என்பது என்ன? பாய்மரம். வண்டியின் உயரம் கூடுகிறது, காற்றுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. கழற்றச் சொன்னேன். இதுவும் முற்றிலும் சரியான அறிவுரை. எந்த நூலிலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தார்ப்பாய் இதோ, நீங்கள் செருப்பு விட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். போகும்போது மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அப்போது தங்கப்பழம் தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர், உப்பு... மழை வேற..." என்று ஏதோ இழுத்தார். "மழை என் சமன்பாட்டில் இல்லை" என்றேன். மழைக்குச் செங்குத்தான விசைதான். அது வண்டியைக் கீழே அழுத்தும், சாய்க்காது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இல்ல டீச்சர், தொறந்து போட்டா..." என்றார். "தங்கப்பழம், நீங்கள் ஓட்டுங்கள், நான் சிந்திக்கிறேன்" என்றேன். மூன்றாவது முறை அவர் வாயைத் திறந்தபோது நான் பார்த்தேன். வெறுமனே பார்த்தேன், அவ்வளவுதான். அதன்பிறகு அவர் உப்பைப் பற்றிப் பேசவே இல்லை. இன்றுவரை பேசவில்லை. அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆமாம், நானும் வண்டியில் போனேன். கல்லூரிக்குப் புயல் விடுமுறை. கணக்குப் போட்டவள் கணக்கோடு போகவேண்டாமா? காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அன்று ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டர் மழை என்று வானொலியில் சொன்னார்கள். வழியெல்லாம் மரம். வல்லநாட்டில் ஒன்று, நாங்குநேரிக்கு முன்னால் இரண்டு. அறுத்து இழுத்துப் போடும்வரை நின்று நின்று போனோம். நான் தங்கப்பழத்துக்கு முறையாகக் கட்டளைகள் கொடுத்துவந்தேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். வேகத்தைக் குறையுங்கள். பேருந்தை முந்தாதீர்கள், முந்தினால் அதன் மறைவிலிருந்து வெளியே வரும்போது காற்று அறையும். "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். நான் சொல்வதற்கு முன்பே அவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தார். நல்ல மாணவர் என்பதற்கு அதுதான் அடையாளம்.

நண்பகலில் நயினார் கடைக்கு முன்னால் வந்தோம். பக்கத்தில் மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலை, அதன் சுவர் இரண்டு ஆள் உயரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நயினார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, பழத்தாரைக் கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல மார்பில் அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"டீச்சர், தார உள்ள எடுத்துட்டாரு" என்றார் தங்கப்பழம். அவர் குரலே மாறிவிட்டது.

"நம்மிடம் இரண்டு டன் இருக்கிறது. போங்கள்" என்றேன்.

"டீச்சர், நயினாரு முப்பது வருசமா..."

"நயினார் எந்தப் பல்கலைக்கழகம்? போங்கள்."

அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. இதை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் இது உங்கள் வண்டியின் பராமரிப்பைப் பற்றியது. தங்கப்பழம் கியரைப் போட்டார். விழவில்லை. மறுபடி போட்டார். விழவில்லை. "கியர் விழமாட்டேங்கு டீச்சர்!" என்று அலறினார். நல்லவேளையாகப் பின்னோக்கிப் போகும் கியர் மட்டும் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு வண்டியை அரிசி ஆலைச் சுவரை ஒட்டி, காற்றுப்படாத மூலையில், அங்குலம் பிசகாமல் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பழுதான வண்டியை அவ்வளவு நேர்த்தியாக நிறுத்த முடிந்ததே என்று நான் வியந்தேன். ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

நான்கு மணி நேரம், அண்ணாச்சி. முழுதாக நான்கு மணி நேரம் அந்த மூலையில் கிடந்தோம். தங்கப்பழம் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பழுது பார்த்தார். முதலில் ஸ்பானரால் தட்டும் ஒலி கேட்டது. பிறகு தட்டல் நின்று, சீராக, ஏறி இறங்கும் ஓர் ஒலி வந்தது. கிட்டத்தட்டக் குறட்டையைப்போல. பற்சக்கர உராய்வு என்று குறித்துக்கொண்டேன். அந்தத் தாளும் இருக்கிறது. திடீரென்று அவர் கத்திக்கொண்டு வெளியே உருண்டுவந்தார். இரண்டு கண்களும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன, கண்ணீர் கொட்டியது. "மேலேருந்து சொட்டுது டீச்சர், கண்ணு அவியுது" என்றார். உங்கள் வண்டிக்காக அந்த மனிதர் அழுதார். இப்படிப்பட்டவரையா நிறுத்தப் போகிறீர்கள்? அதன்பிறகு கடைக்குள் ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொல்லி, யோசனை கேட்க அடிக்கடி உள்ளே போனார். போய் வரும்போதெல்லாம் அவரிடம் உளுந்தவடை மணம் வந்தது. மெக்கானிக் என்ன சொல்கிறார் என்று கேட்டால், "கியர் ஆறணுமாம் டீச்சர்" என்பார்.

இதற்கிடையில் எங்கிருந்தோ வெள்ளாடுகள் வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டன. முப்பது முப்பத்தைந்து இருக்கும். மழைக்கு ஒதுங்க வந்தவை என்று நினைத்தேன். அவை ஒதுங்கி நிற்கவில்லை. வண்டியை நக்கின. பலகையை, சக்கரத்தை, கீழே ஓடிய தண்ணீரை, எல்லாவற்றையும் நக்கின. ஒரு கிடா நம்பர் பலகையை விட்டு நகரவே இல்லை. ஆடுகளுக்கு இயந்திரங்களின்மேல் இத்தனை பற்று உண்டு என்று அன்றுதான் அறிந்தேன்.

எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு லாரிகள் கடையில் நிற்காமல் போயின. வெளியூர் வண்டிகள்; பழத்தாரைப் பற்றி அறியாதவை. நான்கு மணிக்கு நயினார் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பழத்தாரைக் கொண்டுவந்து மறுபடி மாட்டினார். அது ஆடியது, சுழலவில்லை. அந்த நிமிடமே, "விழுந்துட்டு டீச்சர்! கியர் விழுந்துட்டு!" என்று தங்கப்பழம் துள்ளி ஏறினார். இயந்திரங்களின் சுபாவமே அப்படித்தான். நான் எத்தனை ஆய்வுக்கூடக் கருவிகளோடு போராடியிருக்கிறேன்! தானாகக் கெடும், தானாகச் சரியாகும்.

முப்பந்தலைக் கடக்கும்போது அந்த இரண்டு லாரிகளையும் பார்த்தோம். இரண்டும் சாலையோரத்தில் படுத்திருந்தன. டிரைவர்கள் நலமாக உட்கார்ந்து, ஒரே குடைக்குள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தங்கப்பழத்தின் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா? அவர்களிடம் உப்பு இல்லை" என்றேன். "ஆமா டீச்சர்" என்றார். "நம்மிடம் இருந்தது" என்றேன். அவர் மேடு ஏறும்போது கியரை மட்டும் அன்பாகத் தடவிக்கொடுத்தார்.

சூளைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். வண்டி சாயவில்லை. முறை தவறவில்லை. நீங்கள் கேட்டது இவ்வளவுதானே? ஆக, கதை முடிந்தது. காப்பி குடிக்கிறீர்களா?

உப்பா? சொன்னேனே, அதற்குரிய இடத்தில் சொல்வேன் என்று. இடம் வந்துவிட்டதா? வந்துவிட்டதுதான். சூளையில் பின்கதவைத் திறந்தோம். திறந்தபோது, உப்பின் நிறையில் ஒரு மாற்றம் ஏற்பட்டிருந்தது. குறைந்த திசையில் மாற்றம். அதாவது, சாக்குகள் இருந்தன. நாற்பதும் இருந்தன, ஒன்றும் களவு போகவில்லை. எண்ணிப் பார்க்கலாம், என் மாடிக் கொடியில் காய்கின்றன. ஆனால் அவை படுத்திருந்தன. சாப்பிட்டு முடித்த இலையைப்போல. உள்ளே இருந்தது இடம்பெயர்ந்திருந்தது. எல்லாச் சாக்கையும் உதறிக் கூட்டியதில் மண்ணும் உப்புமாக மூன்று மூட்டை தேறியது. அதையும் சூளைக்காரர் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டார். இடம்பெயர்ந்தது என்றால், நீரோடு, பலகை இடுக்கு வழியாக...

கரைந்துவிட்டது, அண்ணாச்சி. உப்பு மழையில் கரைந்துவிட்டது. போதுமா? தெருவுக்குக் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லவேண்டுமா? கரைந்துவிட்டது. தங்கப்பழம் விற்கவில்லை, ஒளிக்கவில்லை. புறப்படும் முன்பே மூன்று முறை சொல்ல வந்தார். நான் சொல்லவிடவில்லை. ஊர் முன்னால் என் மானம் போகக்கூடாதென்று வேலை போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதை இப்போதுதான், இதோ, உங்களிடம் சொல்லும்போதுதான் முழுதாகப் பார்க்கிறேன்.

ஒரு நிமிடம். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். காற்றில் தூசி.

சிரியுங்கள். நீங்கள் புதிதாகச் சிரிக்கப் போவதில்லை. வேதியியல் துறைப் பத்மாசினி பதினைந்து நாளாகச் சிரிக்கிறாள். தினமும் நான் ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டு, ஒன்றும் பேசாமல் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் கரையும் என்று ஒரு சீட்டும் வைக்கிறாள். கரைவது வேதியியல், நான் போட்டது இயற்பியல். என் பட்டமே படிக வளர்ப்பில்தான். ஐந்தாண்டுகள் உப்புக் கரைசலின் முன்னால் உட்கார்ந்து, நீருக்குள்ளிருந்து உப்பைப் படிகம் படிகமாக வெளியே எடுத்தவள் நான். எடுத்ததை நீர் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று என் நெறியாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைத்தான் கேட்கவேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முப்பந்தலைத் தாண்டும்வரை உப்பு இருந்தது. அதனால்தான் வண்டி சாயாமல் நின்றது. அதற்கப்புறம், சூளைக்கு முந்தைய அந்தக் கடைசி நான்கு கிலோமீட்டரில்தான் கரைந்திருக்கிறது. ஆடுகளா? ஆடுகள் எதற்கு வந்தன என்றால், அது விலங்கியல்.

உங்கள் அடுத்த புகாரும் தெரியும். வண்டியைக் கொட்டகையில் நிறுத்த முடியவில்லை, நம் மூன்றாம் மைல் பகுதி மாடுகள் அனைத்தும் வந்து நக்குகின்றன. பின்பக்கம் எழுதியிருந்த "ஒலி எழுப்பவும்" என்பதில் முக்கால்வாசி அழிந்துவிட்டது. இனி உங்கள் வண்டியின் பின்னால் வருபவர்கள் அமைதியாக வருவார்கள், அதில் என்ன குறை? மாடுகளைப் பற்றித் தங்கப்பழத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். என்னைச் சொல்லுங்கள். நான் வந்து மாடுகளிடம் பேசுகிறேன்.

என்ன கேட்கிறீர்கள்? எந்தக் கியர்? எனக்கெப்படித் தெரியும் எந்தக் கியர் என்று? முன்னால் போகிற எந்தக் கியரும் விழவில்லை. பின்னால் போகிறது மட்டும் விழுந்தது. பழத்தார் உள்ளே போனபோதா? ஆமாம், அதே நேரம். வெளியே வந்தபோதா? ஆமாம், அதே நிமிடம். தற்செயல். இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து நடந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பு என்று நினைப்பது படிக்காதவர்களின் பிழை. நீங்களும் இருபது வருடம் லாரி ஓட்டியவராமே, அப்படி உங்களுக்கும் கியர் விழாமல் போனதுண்டா? உண்டா? முதலாளி கூட வந்த நாட்களில் மட்டுமா? விசித்திரமாக இருக்கிறதே. அண்ணாச்சி, மெதுவாக. அந்த நாற்காலியும் அவ்வளவு உறுதியானதல்ல. இவ்வளவு சிரித்தால் தாங்காது.

அடடே, சாவியை மேசைமேல் வைத்துவிட்டீர்கள்! "அவன்ட்ட குடுத்துருங்க டீச்சர்" என்றா சொன்னீர்கள்? "நல்ல டிரைவரு" என்றுமா? சந்தனமாரி, கேட்டாயா? மதிலுக்குப் பின்னால் நீ நிற்பது எனக்குத் தெரியும், கொலுசு சொல்கிறது. போய்ச் சொல், சாவி வந்துவிட்டது என்று. பார்த்தீர்களா அண்ணாச்சி, உண்மையை ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொன்னால் எவரும் ஒத்துக்கொள்வார்கள். தங்கப்பழம் வாய் திறந்திருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார்.

போகுமுன் ஒரே ஒரு விஷயம். நாளை மறுநாள் இன்னொரு புயல் வருகிறது என்கிறார்கள். வண்டி மறுபடி வெறுமனேதானே போகிறது? கவலைப்படாதீர்கள். நேற்றே கணக்குப் போட்டுவிட்டேன். அதே இரண்டு டன். ஆனால் உப்பு கிடையாது. ஒரு பிழையை இரண்டு முறை செய்பவள் அல்ல நான். இந்த முறை நீரில் கரையவே கரையாத பொருள். என் தம்பி கடையில் பேசி வைத்திருக்கிறேன். சிமெண்டு.

ஐம்பது கிலோ மூட்டைதான் அதுவும். எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! சிமெண்டு கரையாது, அண்ணாச்சி. எத்தனை மழை பெய்தாலும் கரையாது. ஊர்ப்பட்ட பாலங்கள் எல்லாம் தண்ணீருக்குள்தானே நிற்கின்றன? இதற்குப் பத்மாசினியைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

ஏன் சாவியை மறுபடி எடுத்துக்கொண்டீர்கள்? நீங்களே நேரில் போய்க் கொடுக்கிறீர்களா? அதுவும் முறைதான். எதற்கு இப்படி ஓடுகிறீர்கள், படி வழுக்கும்! தார்ப்பாய்! தார்ப்பாயை விட்டுவிட்டீர்கள்! சரி, இருக்கட்டும், எப்படியும் அது வேண்டாம்.

தெருவில் நின்று என்ன கத்துகிறார் இவர்? "ஏலே தங்கப்பழம், வண்டி ஒனக்குத்தாம்லே! ஆனா நாளைக்கழிச்சு டீச்சர் வந்து ஏறுனா, கியர் இல்ல, ஸ்டார்ட்டே ஆகக்கூடாது, கேட்டியா!" ஒரு முதலாளி பேசுகிற பேச்சா இது? தன் வண்டி ஓடக்கூடாதென்று தானே சொல்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அண்ணாச்சி! நில்லுங்கள்! நாற்பது மூட்டை போதும்! இரவே ஏற்றி, திறந்தபடியே வைத்திருக்கச் சொல்லுங்கள்!